செங்கோட்டை என்றால் நிறுத்த வேண்டும்

போனில் ஆண்களை ஏசுவது என் தொழில். ஏச்சு வாங்குவதற்கென்றே காசு கட்டி அழைக்கிறவர்கள் அவர்கள். சிலருக்கு உடம்புப் பேச்சும் வேண்டும். பலருக்கு ஏச்சே போதும். தென்காசியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்து இதைச் செய்கிறேன். வீட்டிலிருந்தே போனில் வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியும், நம் முதல் எதிரி மெல்லிய சுவர்.

நிறுத்தும் சொல்

தொடங்குமுன் அழைப்பவரும் நானும் ஒரு சொல்லை முடிவு செய்துகொள்வோம். 'வேண்டாம்', 'போதும்' எல்லாம் விளையாட்டுக்குள் வருபவை. அவற்றுக்கு நிறுத்த மாட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். வாரந்தோறும் அழைக்கும் ஒருவர் 'செங்கோட்டை' என்று வைத்திருந்தார். அவர் பெயரை நான் கேட்டதில்லை.

ஒருநாள் ஏச்சின் வேகத்தில் அவருடைய அப்பாவை இழுத்துவிட்டேன். "செங்கோட்டை" என்றார். உடனே நிறுத்தி, என் சாதாரணக் குரலில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "நிறுத்துன்னா நிறுத்துத ஆளு நீங்க ஒருத்தர்தான் மேடம்."

டப்பிங்

வீட்டுக்கார அக்காவிடம் சீரியலுக்கு டப்பிங் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மாடியை நாள் வாடகைக்கு விட அவளுக்கு ஆசை. என்னைக் காலிசெய்யச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் போதும். எனக்கு முன் இருந்த பெண்ணை, ஆண் நண்பன் வந்துபோனான் என்று அன்றைக்கே பெட்டியோடு இறக்கிவிட்டாள்.

ஒருநாள் படியேறி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "ஏட்டி, மூணு சீரியல் பாத்துட்டேன். நீ ஏசுத ஏச்சு ஒண்ணுலயும் வரலியே?" அது இன்னும் டிவிக்கு வராத சீரியல் என்று சமாளித்தேன்.

கத்தரிக்காய்

மறுநாள் அவளோடு சந்தைக்குப் போனேன். காய்க்கடைக்காரருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறைய விபூதி. வேலையாட்கள் அவரை அண்ணாச்சி என்றார்கள். தராசில் சொத்தைக் கத்தரிக்காய் விழுந்தது. இரவெல்லாம் தூங்காத எரிச்சலோ என்னவோ, என் வேலைக்குரல் வெளியே வந்துவிட்டது. "ஏலே, கண்ணு எங்கன இருக்கு ஒனக்கு? தூக்கிப் பிடிச்சுப் பாருலே! ஒன் மூஞ்சிக்கு..."

அவர் தலை தாழ்ந்தது. "செங்கோட்டை" என்றார், மெதுவாக.

என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தால் எனக்கு வீடு போகும். நான் திறந்தால் அவருக்குக் கடையும் குடும்பமும். அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "செங்கோட்டையா? அங்கன என்ன?"

"அங்கன இருந்து நாளைக்கு நல்ல காய் வருதுக்கா. அதுல தாரேன்" என்றார். சொத்தைகளைப் பொறுக்கி எறிந்தார். அக்கா உடனே இரண்டு கிலோவுக்குச் சொல்லிவைத்தாள்.

அன்று மாலை அவரிடமிருந்து போன் வந்தது. "தண்ணி குடிச்சீங்களா?" என்றேன். குடித்ததாகச் சொன்னார். இனி அந்தக் கடைப்பக்கமே வர மாட்டேன் என்றேன்.

"கடைக்கு வாங்க மேடம், நல்ல காயாவே தாரேன். பேரம் மட்டும் பேசாதீங்க."

இப்போதெல்லாம் அவர் தருகிற காயை வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறேன். வாயாடியாக வந்தவளைத் தானே திருத்தியதாக அக்கா தெருவெல்லாம் சொல்லித் திரிவதால், இந்தச் சீசனுக்கும் மாடி எனக்குத்தான்.