வாசிக்க விடாத பெயர்

என் தந்தையைக் குறித்து, நான் நேரில் அறிந்ததையும் கண்ணால் கண்டவர் சொன்னதையும் மட்டுமே இங்கு எழுதுவேன். காரைக்குடியில் அவரைப் பலர் வாய்க்கு வந்தபடி பலமுறை கொன்றுவிட்டனர். சயாம் ரயில்பாதை வேலையில் காய்ச்சல் கண்டு மாண்டார் என்பார் ஒருவர். கப்பலோடு மூழ்கினார் என்பார் இன்னொருவர். மலாய்ப் பெண்ணொருத்தியோடு சுகமாக இருக்கிறார் என்று கொல்லாமல் கொன்றவர்களும் உண்டு.

மணமாகி இங்கிலாந்தின் இத்துறைமுக ஊருக்கு நான் வந்த புதிதில், அடுத்த வீட்டு டோரத்தி துணி உலர்த்தியபடியே, தம் கணவர் போரில் 'லாஸ்ட் அட் சீ' என்றார். கடலில் தொலைந்தவர் என்று பொருள்கொண்டு, "இன்னும் தேடுகிறார்களா?" என்று கேட்டேன். ஈரத்துணியும் கையுமாக அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அவர் இறந்துவிட்டார், டியர்." இறப்பையும் தொலைதலையும் இவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நம் மொழியில் இழத்தல் வேறு, தொலைத்தல் வேறு. இழந்தவர் அழுவர், தொலைத்தவர் தேடுவர். என் தந்தையும் 'லாஸ்ட்'தான் என்று அன்று சொல்லிவைத்தேன். நான் சொன்ன பொருள் டோரத்தியைச் சேரவில்லை.

தந்தை பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதினார். 1941 டிசம்பரில் சப்பானியர் மலாயாவில் கரையிறங்கினர். பினாங்கின்மீது குண்டுகள் விழுந்தன. ஆங்கிலேயர் நம்பியிருந்த பெரும் போர்க்கப்பல்கள் இரண்டும் கடலில் மூழ்கின. நிலத்தில் சப்பானியப் படை தெற்கே நகர நகர, மக்கள் அதற்கு முன்னால் ஓடினர். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குச் சற்று முன்பு, அங்கே துறைமுகத்தில் கப்பலுக்கு முண்டிய கூட்டத்தில் என் தந்தையைக் கண்டு பேசியவர், நாச்சியாபுரத்துக்காரர் ஒருவர். போர் முடிந்து ஊர் திரும்பிய அவர் என் தாயிடம் சொன்னது இவ்வளவே: "கையில தகரப்பெட்டி வச்சிருந்தாக. எடம் கெடைச்சா ஏறிருவேன்னாக. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா."

அறுபதுகளில் எனக்கு மணம் பேசியபோது, பெண்ணின் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் தெளிவு கேட்டனர். என் சிறிய தந்தை ஒரு வழி கண்டார். கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தோர் பெயர்களைச் சாமியார் வாசிப்பார். அவற்றோடு தம் அண்ணன் பெயரையும் கொடுத்துவிட்டார். அருளப்பன் என்ற பெயர் காதில் விழுந்ததும் என் தாய் எழுந்தார்.

"சாமி, அந்தப் பேரை எடுத்துருங்க."

"மதினி, உக்காருங்க. ஊரே பாக்குது" என்றார் சிறிய தந்தை.

"பாக்கட்டும். நீங்க அவுகளுக்குக் குழி வெட்டினீகளா, தம்பி? வெட்டுன எடத்தைக் காட்டுங்க. மெழுகுவத்தியை நானே வாங்கியாந்து ஏத்துறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு என்னத்தைச் சொல்றது?"

"வெளியூரு போயிருக்காகன்னு சொல்லுங்க. அதுல என்ன பொய்யி?"

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்த மாப்பிள்ளை வீடு கைநழுவியது. பின்னர் வந்த வீடு, வெளியூர் போயிருக்கிறார் என்ற விடையையே ஏற்றது.

சென்ற நவம்பரில், இவ்வூர்ப் போர் நினைவுத் தூணருகே மடிந்தோர் பெயர்களை வாசிக்கும் ஞாயிறு வந்தது. என் தந்தை பெயரையும் சேர்க்கப் பாதிரியார் இசைந்துவிட்டார் என்று டோரத்தி மகிழ்ச்சியோடு சொன்னார். பேருந்தில் நம் பக்கத்து இருக்கை காலியாகவே வரும் ஊரில், அவர்களுடைய தூணில் நமக்கும் ஓரிடம். இங்கு வாழும் நம்மவருக்கு அதன் விலை தெரியும். என் தாய் இன்னும் காரைக்குடியில் இருக்கிறார். நான் வேண்டாம் என்றேன்.

"அவர் லாஸ்ட் என்று நீதானே சொன்னாய்?"

"ஆம். அதனால்தான் வேண்டாம்."

டோரத்தி சினந்துகொள்ளவில்லை, விளங்கிக்கொள்ளவுமில்லை. ஆயினும் ஞாயிறன்று என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். அவர் கணவர் பெயரை வாசித்தபோது அவரோடு நானும் தலை குனிந்தேன். வாசிப்பு முடிந்ததும் எல்லாரும் குனிந்தபடியே நிற்க, நான் மட்டும் நிமிர்ந்தேன். என் கை அவர் கையில்தான் இருந்தது.

என் தந்தை கப்பலில் ஏறினாரா என்பது தெரியாது. ஏறியிருந்தால் எந்தக் கப்பல் என்பதும் தெரியாது. அவர் இறந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.