மில் மாடியில் சுமதி வாசித்த கவிதை

போன வாரம் கோவிலம்பாக்கத்தில் ஒரு மாவு மில் வாசலில் நின்று விடாமல் தும்மிக்கொண்டிருந்தேன். என் நாத்தனாருக்குப் பாக்கெட் மிளகாய்த்தூள் ஆகாது. மொட்டை மாடியில் காயவைத்த மிளகாயையும் மல்லியையும் ஒரு தூக்கில் போட்டு, "பக்கத்துலயே நின்னு அரைச்சு வாங்கிட்டு வாங்க அண்ணி" என்று அனுப்பிவிட்டாள். மில்காரர் மிளகாயைக் கொட்டியதும் சூடான நெடி எழுந்து மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கோ, சொன்னால் சிரிப்பீர்கள், மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. யாராவது பாட ஆரம்பிப்பார்களா என்று மேலே பார்த்தேன். மேலே தகரக் கூரைதான் இருந்தது.

பல வருஷங்களுக்கு முன் கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு போகிற வழியில் ஒரு சந்துக்குள் அப்படியொரு மில் இருந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு நீள அறை. விக்டர் அண்ணன் அதை வாடகைக்கு எடுத்து வாரநாட்களில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார். நடுவில் இருக்கிற சனிக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். பாடுகிறவர்கள், கவிதை எழுதுகிறவர்கள், இரண்டும் வராமல் கைதட்ட மட்டும் தெரிந்தவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். ஏதோ ஒரு பெயர் வைத்து போர்டுகூட எழுதி மாட்டினார். அந்தப் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது மில் மாடி.

தரையில் பாய். சுவரில் எதிரொலி வராமல் இருக்க எங்கிருந்தோ வாங்கிவந்த பழைய பச்சைக் கம்பளத் துண்டுகள். மைக் ஸ்டாண்டின் கழுத்து உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. ஈரக் கையோடு மைக்கைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் பாடத் தொடங்கியதும் துள்ளுவதைப் பார்த்து, உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். மின்விசிறி கடகடவென்று ஓடும். மெதுவான பாட்டு வந்தால் அதை நிறுத்திவிட்டு எல்லோரும் வியர்வையில் உட்கார்ந்திருப்போம்.

மில்லை நடத்திய கன்னியப்பன் அண்ணன்தான் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். ஆரம்பத்தில் சனிக்கிழமையும் மிளகாய் அரைப்பார். யாராவது சரணத்தில் மூச்சு இழுக்கும்போது நெடி மேலே வரும், பாட்டு தும்மலில் முடியும். விக்டர் போய்க் கேட்டபோது, "இன்னா விக்டரு, நான் மொளகா அரைக்கிறதா, நீ பாடுறதா? அதுவும் சோறு போடுது, இது இன்னா போடுது?" என்றார். சொன்னாரே தவிர அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் மில்லை நிறுத்திவிட்டார். ஒருநாளும் மேலே வந்து கேட்டதில்லை. கீழே மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பார் போலிருக்கிறது. நான் இறங்கி வரும்போது, "இன்னிக்கு அந்த கண்ணாடி போட்ட பையன் சுதி இறங்கிட்சு" என்பார்.

நான் அப்போது தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றி நாலு நாலு வரியாகக் கவிதை எழுதும் நோய் எனக்கும் இருந்தது. ஒருமுறை வாசித்து முடித்து நிமிர்ந்தபோது முன்வரிசையில் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, "மேடம், முடிஞ்சிடுச்சா? இல்ல மூச்சு வாங்குறீங்களா?" என்று கேட்டார். அதிலிருந்து கைதட்டும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

அங்கே எழுதத் தெரிந்தவள் சுமதிதான். ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. கடையிலிருந்து ஒல்லியான உடம்போடு ஓட்டமும் நடையுமாக வருவாள். முகூர்த்தப் புடவைக்குப் பில் போடும்போது கல்யாணப் பெண் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்ததை எழுதியிருந்தாள். கடை மூடுவதற்குள் உட்கார இடம் தேடும் கால்களை எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே கேட்போம், வீட்டுக்குப் போகும்போது சிரிப்பு போய்விட்டிருக்கும். முடிந்ததும் நானும் அவளும் ஒன்றாக நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். கடலை வாங்கிக்கொள்வோம். அவள் பேச்சில் பாதி அவள் தங்கையைப் பற்றித்தான். தங்கச்சி இதைச் சொன்னா, தங்கச்சிக்கு இந்தக் கலர் பிடிக்காது. கீழ்க்கட்டளையில் கல்யாணம் செய்துகொடுத்திருந்தார்கள். ஒரு பெண்குழந்தை.

அந்தத் தங்கைதான் ஒருநாள் காலையில் தீப்பிடித்து எரிந்தாள். சமையலறையில் கேஸ் கசிந்ததாகச் சொன்னார்கள். சில நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தாள். மாஜிஸ்ட்ரேட் வந்து கேட்டபோது அவளும் கேஸ் கசிந்தது என்றுதான் வாக்குமூலம் கொடுத்தாள். குழந்தை அந்த வீட்டில் இருந்தது. வாக்குமூலம் கொடுத்துவிட்டுச் செத்துப்போனாள். போலீஸும் அதோடு விட்டுவிட்டது.

சுமதி சில மாதங்கள் மில் மாடிக்கு வரவில்லை. திரும்ப வந்த அன்று யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை. அவளாகவே எழுந்து போனாள். கடைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். குரலில் நடுக்கமே இல்லை. பில்லில் என்னென்ன இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் படித்துக்காட்டுகிற மாதிரி வாசித்தாள். தகவல் கேட்டு ஓடிப்போய் அந்தச் சமையலறையில் நின்று தான் பார்த்ததைத்தான் எழுதியிருந்தாள். அதில் இரண்டு வரி:

*அடுப்பின் மேல் பால் இருந்தது, அக்கா பார்த்தேன்,*
*ஆடை படிந்திருந்தது, கலையவில்லை.*

கேஸ் பற்றி எரிந்த அடுப்பில் பால் எப்படி ஆடை கலையாமல் இருக்கும்? யாரும் கைதட்டவில்லை.  விக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தார்.

எங்களில் யாரோ அதைக் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, நல்ல கவிதை என்று நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கை மாறி மாறி அது கீழ்க்கட்டளையில் தங்கையின் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சுமதி ஞாயிறுதோறும் போய்க் குழந்தையைப் பார்த்து வருவது வழக்கம். அந்த ஞாயிறு கதவு திறக்கவில்லை. உள்ளே குழந்தை "பெரிம்மா, பெரிம்மா" என்று கூப்பிடுவது கேட்டது, பிறகு யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். இதைச் சொல்லும்போது சுமதி அழவில்லை. "டிவியில விளம்பரம் ஓடிச்சு. அது முடியற வரைக்கும் நின்னேன்" என்றாள்.

விக்டர் அவளைத் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். அவர் நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். "குழந்தைக்கு அப்பா இருக்கார். நீங்க பெரியம்மா. செத்தவங்களே அவங்க பேர்ல தப்பில்லன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. கோர்ட்டுக்குப் போலாம், வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் பொண்ண உங்க கண்ல காட்ட மாட்டாங்க."

பிறகு ஒரு சொந்தக்காரர் மூலம் அந்த வீட்டிலிருந்து சேதி வந்தது. எங்கே வைத்துச் சொன்னாயோ அங்கேயே வந்து பொய் என்று சொல். அந்தத் தாளைக் கொடு. எல்லாருடைய போனிலும் அழித்துவிடச் சொல். அப்படிச் செய்தால் மாதம் ஒருமுறை குழந்தையைப் பார்க்கலாம்.

"செய்யாத சுமதி" என்றார் விக்டர். "அப்படி ஒரு பேச்சுக்கு என் மைக்க தர மாட்டேன்."

"மைக் வேணாம்ணா. சும்மாவே சொல்றேன். எடம் மட்டும் குடுங்க."



அந்தச் சனிக்கிழமை பாயில் உட்கார்கிற கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் தங்கையின் மாமியார், இன்னொன்றில் கணவன். அவன் மடியில் குழந்தை. புதுக் கவுன், தலையில் பூ. சுமதி உள்ளே வந்ததும் குழந்தை இறங்கி ஓடப் பார்த்தது. அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டான். அப்புறம் மறு கையால் போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

சுமதி மைக்குக்குப் பக்கத்தில் நின்றாள். விக்டர் அதை ஆன் செய்யவில்லை.

"போன மாசம் நான் இங்க ஒரு கவிதை வாசிச்சேன். அது கற்பனை. என் தங்கச்சி கேஸ் லீக் ஆகித்தான் செத்தா. அவங்க வீட்ல யார் மேலயும் தப்பில்ல."

"சத்தமா சொல்லச் சொல்லுங்க. பதியல" என்றான் கணவன், யாரிடம் என்றில்லாமல்.

அவள் முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

முடித்துவிட்டாள் என்று நினைத்தபோது மாமியார் வாயைத் திறந்தார். கோபமே இல்லாத குரல். மளிகைக்கடையில் விட்டுப்போன சாமானை நினைவுபடுத்துகிற மாதிரி இருந்தது. "பாலப் பத்திச் சொன்னியேம்மா. அதையும் சொல்லிடு."

சுமதி அவரைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

"பாலும் இல்ல. அடுப்பு மேல ஒண்ணுமே இல்ல."

கீழே மில் நின்றிருந்தது. எப்போதும்போல எங்களுக்காகக் கன்னியப்பன் அண்ணன் நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. அன்றைக்கு மட்டும் அது ஓடியிருக்கலாம். அறை முழுக்க மிளகாய் நெடி ஏறி நாங்கள் எல்லோரும் தும்மியிருக்கலாம்.

கவிதைத் தாளை மாமியார் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் எங்கள் முறை. ஒவ்வொருவராகப் போனை எடுத்து அழித்தோம். கணவன் எழுந்து பாய்களுக்கு நடுவே நடந்து வந்து திரைகளைக் குனிந்து பார்த்தான். ஒரு கல்லூரிப் பெண் தர மாட்டேன் என்று போனை மார்போடு வைத்துக்கொண்டாள். சுமதியே அவளிடம் போய், "குடும்மா, எனக்காக" என்றாள். அந்தப் பெண் அழித்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்குகிற சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்த பிறகுதான் குழந்தையை விட்டார்கள். அது ஓடிவந்து சுமதியின் இடுப்பில் ஏறிக்கொண்டு, "பெரிம்மா, நீ ரைம்ஸ் சொன்னியா?" என்று கேட்டது. "ஆமாண்டி கண்ணு" என்று அவள் தூக்கிக்கொண்டே படி இறங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலக் கூடினோம். விக்டர், "யாரு மொதல்ல?" என்று கேட்டார். ஒருத்தரும் எழவில்லை. அந்த மைக்குக்கு முன்னால் நின்று நிலாவையும் காதலையும் எப்படிச் சொல்வது? விக்டர் தானே ஏதோ ஒரு மெட்டு வாசித்தார், நடுவில் நிறுத்திவிட்டார். அதற்கடுத்த வாரம் பாதிப் பேர். மழைக்காலம் வந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் போகவில்லை. கன்னியப்பன் அண்ணன் ஒருமுறை மார்க்கெட்டில் பார்த்து, "இன்னாமா, மேல ஒரு சத்தமும் காணோம், பேஜாரா கீது" என்றார். கொஞ்ச காலத்தில் விக்டர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு, கீழே கார் நிறுத்துகிறார்கள். மேடவாக்கம் பக்கம் ஒரு காபிக் கடையில் ஞாயிறுதோறும் இளைஞர்கள் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். என் மகன் கூட்டிப்போனான். நல்ல மைக், நல்ல குரல்கள். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை.

சுமதியைச் சில மாதங்களுக்கு முன் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். செங்கல்பட்டு வண்டிக்கு நின்றிருந்தாள். இப்போது கூடுவாஞ்சேரியில் தனியாக இருக்கிறாள். தலை பாதி நரைத்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். எழுதுகிறாயா என்று நான் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றிக் கேட்டேன்.

"பெரியவளாயிட்டா. காலேஜ் போகப் போறா. என்ன விட ஒசரம்." கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தாள். "போன தடவ வந்தப்ப கேட்டுட்டா. அம்மா எப்படி செத்தாங்க பெரிம்மான்னு."

"என்ன சொன்ன?"

"அங்க என்ன சொன்னாங்களோ அதையேதான். வேறென்ன சொல்ல? அந்த வீட்லதானே இருக்கா, அவங்க கையாலதானே சாப்பிடறா." வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "பாட்டியும் அப்பாவும் சொன்னா நம்ப மாட்டேன், நீ சொன்னா நம்பறேன்னா."

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டா" என்றாள்.

வண்டி வந்தது. மகளிர் பெட்டியில் ஏறிக் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

அந்தக் கவிதை பெரியது. தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள், வாசிக்கும்போது ஒருமுறை திருப்பினாள். எனக்கு அந்த இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. விக்டரிடம் போனில் கேட்டேன். அவருக்கும் பால்தான் நினைவிருக்கிறது. கடைசியில் தங்கையின் பெயரைச் சொல்லி முடித்தாள் என்றார். அது என்ன பெயர் என்று கேட்டேன். எவ்வளவு யோசித்தும் இருவருக்கும் வரவில்லை.