பேர் எழுதாத மஞ்சள் சீட்டு

கர்த்தர் என் வீட்டுக்குச் செய்ததை உங்கள் சபையில் சாட்சியாகச் சொல்ல வந்திருக்கிறேன். கேட்டால் உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம், பரவாயில்லை. எனக்கே என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. லிங்கராஜபுரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள் நான். கணவர் ஒரு கம்பெனிக்கு கார் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது. அவள் பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். அது அவள் போட்ட கண்டிஷன்.

போன வருஷம் பி.சி.ஏ. இரண்டாம் வருஷம் தொடங்கியதிலிருந்து அவள் மாறிப்போனாள். முதலில் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு தலை வாருவதை நிறுத்தினாள். தட்டில் போட்ட சோறு காய்ந்துபோய்க் கிடக்கும். காலேஜுக்கு வாரத்தில் இரண்டு நாள் போனால் அதிகம். மற்ற நாளெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கேட்டால் டயர்டாக இருக்கிறது என்பாள்.

பத்தொன்பது வயதில் என்ன டயர்ட் என்று எனக்கு எரிச்சல். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது எங்கள் சபைக்கே தெரியும். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். எதிர்வீட்டுப் பெண் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதைச் சொல்லிக் காட்டினேன். நான் மிஷின் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோகிறேன், நீ மகாராணி மாதிரி படுத்திருக்கிறாயே என்று கேட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமோ என்னவோ.

எங்கள் சபையில் செவ்வாய்க்கிழமை காலையில் பெண்கள் உபவாச ஜெபம். பதினொரு வருஷமாக அதில் இருக்கிறேன். சபை வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் எழுதிப் போடலாம். குழுவை நடத்தும் லில்லி அக்கா ஒவ்வொரு சீட்டாக வாசித்து, அதைப் பழைய காணிக்கைக் கவரில் போட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். மூன்று வாரம் அதைக் கையில் வைத்து ஜெபிக்க வேண்டும், பிரித்துப் பார்க்கக் கூடாது. சின்ன சபை, கையெழுத்தைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும், பிறகு ஊர் வாய்க்குப் போய்விடும். அதற்காக வைத்த கட்டுப்பாடு. மூன்றாவது செவ்வாயன்று கவரோடு கிழித்துப் போட்டுவிடுவோம்.

என் விண்ணப்பத்தை நான் எழுதவில்லை, எழுந்து நின்றே சொன்னேன். என் மகளைப் பிடித்திருக்கிற சோம்பலின் ஆவி விலக வேண்டும் என்றேன். அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய். லில்லி அக்கா ஒரு சீட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். பிறகு மெதுவாக வாசித்தார்.

"எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியவில்லை. எனக்காக ஜெபம் செய்யுங்கள்."

பெயர் இல்லை. அக்கா அதைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். கண்ணீரோடு ஜெபிக்கிறவள் என்று எனக்குப் பெயர்.

தினமும் காலை ஐந்து மணிக்குத் தையல் மிஷின் பக்கத்தில் முழங்கால் போட்டு அந்தக் கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஜெபித்தேன். யார் வீட்டுப் பிள்ளையோ, எவ்வளவு நொந்துபோய் எழுதியதோ என்று வாய்விட்டு அழுதேன். அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களின் கண்களைத் திறந்துவிடுங்கள் ஆண்டவரே என்று கேட்டேன். இதைத்தான் கேட்டேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. கேட்டுவிட்டு முகத்தைக் கழுவி, காபி போட்டு, ஏழு மணிக்குப் போய் என் மகளின் போர்வையை உருவித் திட்டுவேன்.

மூன்றாவது செவ்வாய் வந்தது. அன்று காலை அவள் ஜுரமடிக்கிறது என்றாள். உன் ஜுரமெல்லாம் காலேஜ் இருக்கிற நாளில்தான் வரும் என்று சொல்லிவிட்டு, நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஜெபத்துக்குப் போனேன்.

ஜெபம் முடியும் நேரம் எல்லாரும் கவரைக் கிழித்தார்கள். நானும் கிழித்தேன். உள்ளே இருந்த சீட்டில் பாதி நழுவி என் மடியில் விழுந்தது. மஞ்சள் காகிதம். பென்சிலில் 'தோள் 14, கை 10' என்று எழுதியிருந்தது.

அது என் கையெழுத்து. அளவு எழுதுகிற என் மஞ்சள் பேடின் தாள். என் மிஷின் டிராயரைத் தவிர அது வேறெங்கும் இருக்காது. திருப்பிப் பார்த்தேன். "சொல்ல முடியவில்லை" என்று இருந்தது. ஸ்கூலில் என் மகளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்து நான் மடியில் உட்காரவைத்துக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தது.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஜெபம் முடிவதற்கு முன்பே எழுந்து ஓடினேன். செருப்புப் போடவில்லை. மெயின் ரோட்டில் பஸ்காரர் கன்னடத்தில் கத்தியது காதில் விழுந்தது, நிற்கவில்லை. பெரிய ஜெபக்காரிக்கு அன்று ஜெபம் வரவில்லை. இருக்கணும், இருக்கணும், என்று அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. அடிக்கும் கையில் ரத்தம் கட்டும் அளவுக்குத் தட்டினேன். அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது. போர்வையோடு வந்து நின்றாள் என் பிள்ளை. நான் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலைத் தொட்டால், அவள் உடம்பு நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தது.

கிழிந்த சீட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"பேர் போட்டா நீ திட்டுவம்மா. பேர் இல்லன்னா அழுவ."

எனக்குப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது? அவளேதான் தொடர்ந்தாள்.

"தெனம் காலைல நீ அழுவுறது எனக்குக் கேக்கும். யாருக்கோன்னு நெனச்சு அழுவுற. எனக்குத்தான்னு எனக்குத் தெரியும். அதக் கேக்கறதுக்காகவே இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு இருந்தேம்மா."

சபையாரே, நான் பாவி. என் மூடத்தனத்தையும் வீணாக்காமல், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் என்னையும் அந்தப் பக்கம் என் பிள்ளையையும் வைத்து அவளைப் பிழைக்க வைத்தார் ஆண்டவர்.

அன்று அவளை ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. மறுநாள் காலை மூன்று பேரும் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடப் பத்து வயது அதிகம் இருந்தால் பெரிது. சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். இதெல்லாம் கேட்கலாமா என்று எனக்குப் பதறியது. ஆனால் அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டதைப் பார்த்தேன். இத்தனை மாதம் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்திருக்கிறாள். "ஹெதர்பேடி அம்மா," பயப்படாதீங்க என்று டாக்டர் கன்னடத்தில் சொன்னார். இது சோம்பல் இல்லை, நோய், குணமாக்கலாம் என்றார். வெளியே வந்ததும் என் கணவர் கார் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. மாத்திரை சாப்பிடுகிறாள், கவுன்சிலிங் போகிறாள். போன வாரம்கூட இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இப்போது நான் போர்வையை உருவுவதில்லை, பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஜெபக் குழுவில் ஒருவர் கேட்டார். என் சுகர் மாத்திரையைப் பற்றி இத்தனை வருஷம் நீங்கள் கேட்கவில்லையே என்றேன். சொன்னேனே, வாய் நீளம்.

பெற்றவர்களே, உங்கள் பிள்ளை படுத்தே கிடந்தால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்கப் பயப்படாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். பிள்ளைகளே, உங்களில் யாராவது அப்படி ஒரு சீட்டை மனதில் வைத்திருந்தால், இன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள். திட்ட மாட்டேன், சத்தியமாக. என் கையில் வந்த சீட்டுக்குச் செவிகொடுத்த ஆண்டவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.

இந்தச் சாட்சியைச் சொல்லட்டுமா என்று அவளிடம்தான் முதலில் கேட்டேன். அவள் என் மஞ்சள் பேடில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, கவரில் போடாமல், மடிக்காமல் கொடுத்தாள். கடைசியில் இதை வாசித்துவிட்டு உட்கார் என்றாள். வாசிக்கிறேன்.

"நான் உயிரோடு இருக்க வேண்டும். எனக்காக ஜெபம் செய்யுங்கள். என் பெயர் பெனிட்டா."