அத்தை எழுந்திருக்கும் வரை

முதல் பாரத்தில் சேர்ந்த அன்று, முதல் மணி அடித்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

என் மேல் தப்பில்லை. கீழப்பழுவூரில் ஐந்தாம் வகுப்புவரை நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே கூரை, ஒரே வாத்தியார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அவர் எழுந்தால் பள்ளிக்கூடம் விட்டதென்று அர்த்தம். ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்த அரியலூர்ப் பள்ளிக்கூடத்திலோ ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, முக்கால் மணிக்கு ஒரு தரம் அடித்தார்கள். அடித்தவுடன் கணக்கு வாத்தியார் எழுந்து வெளியே போனார். வாத்தியாரே போன பிறகு நமக்கு என்ன வேலை என்று நானும் போனேன்.

வீடு என்பது அத்தை வீடு. அப்பாவின் தங்கை. மாமா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஸ்டேஷனை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவர்களுக்குக் குழந்தையில்லை. யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸை நம்பி ஒரு பையனைத் தினமும் அனுப்ப முடியாது. “பையனுக்குப் படிப்பாச்சு, அவளுக்கும் துணையாச்சு” என்று அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார். படிப்பு ஏறவில்லையென்றால் திரும்பி வந்து ஏர் மாட்டைப் பிடிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாம் நாள் சித்திர வகுப்புக்காக வேறு அறைக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பும்போது வழி தவறி இரண்டாம் பாரத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பயந்து, புரியாத பூகோளத்தை முழுசாகக் கேட்டேன். மூன்றாம் நாள் காலையில் கதவு நிலையைக் கட்டிக்கொண்டு, “அம்மாகிட்ட போறேன்” என்று அழுதேன்.

“உங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பிடறேன். வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்” என்றார் மாமா.

“ஒரு வாரம் பொறுங்க” என்றாள் அத்தை. பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: “நீ எங்க உக்கார்ற?”

“ஜன்னலோரம்.”

“எதிர்த்தாப்புல வேப்பமரம் தெரியுமில்ல? நான் அங்க கொட்டை பொறுக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். மணி அடிச்சா என்னையப் பாரு. நான் உக்காந்திருந்தா நீயும் உக்காந்திரு. நான் எந்திரிச்சா பையை எடுத்துக்கிட்டு வந்துடு.”

“வேற ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா?”

“முன்னாடி போறவன் சட்டையைப் பார்த்துக்கிட்டே போயிட்டு, பார்த்துக்கிட்டே திரும்பி வா.”

இவ்வளவு சுலபமான சட்டத்தை அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. மணி அடிக்கும், ஜன்னலில் பார்ப்பேன், கூடையும் கையுமாக அத்தை குனிந்து உட்கார்ந்திருப்பாள். நானும் உட்கார்ந்திருப்பேன். பகல் மணிக்கு எழுந்து நிற்பாள். ஓடிப் போய் மரத்தடியில் சோறு சாப்பிடுவேன்.

இங்கிலீஷ்தான் பெரிய பாடாக இருந்தது. அதற்கும் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. சாயங்காலம் கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் வேலியோரம் என்னைக் கூட்டிப் போய், பெட்டிகளில் வெள்ளைப் பெயிண்டில் இருந்த எழுத்துகளைக் காட்டுவாள். “இது என்ன? அது என்ன?” நான் சொல்லச் சொல்ல, கொடியோடு நிற்கும் மாமாவைப் பார்ப்பாள். அவர் தலையாட்டினால் அடுத்த பெட்டிக்குப் போவோம். வண்டி கிளம்புவதற்குள் கடைசிப் பெட்டியை எட்டிவிட வேண்டும் என்று இருவரும் ஓடுவோம். இன்று அந்த வருஷத்துப் பாடம் ஒன்றும் எனக்கு நினைவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தெரிந்த அரக்குச் சேலையும், அந்த ஓட்டமும்தான் இருக்கின்றன. இன்னொரு தரம் அப்படி ஓடக் கிடைத்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆடி முடிந்து கொட்டையும் தீர்ந்தது. அத்தை முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கியபடி அங்கேயே உட்கார்ந்தாள். நானோ மணிக்கு மணி ஜன்னலைப் பார்ப்பதை மறந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பையன்கள் மறக்கவில்லை. ஒரு நாள் இங்கிலீஷ் வகுப்பின் நடுவில் ஒருவன் என் காதில், “டேய், உங்கத்தை எந்திரிச்சுட்டாங்கடா!” என்றான். யோசிக்காமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“எங்கடா பொறப்பட்டே?” என்றார் வாத்தியார்.

வகுப்பே சிரித்தது. வெளியே பார்த்தேன். அத்தை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேதான் இருந்தாள்.

சாயங்காலம் வழியில் சொன்னேன்: “அத்தை, நாளையிலேருந்து நீங்க வர வேணாம்.”

“ஏஞ்சாமி?”

“பசங்க சிரிக்கிறாங்க.”

“அப்ப மணி?”

“அதெல்லாம் எனக்கே தெரியும்.”

“தெரிஞ்சுபோச்சா? அப்பச் சரி” என்று சிரித்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. வீடு வரை என்னைவிட்டுச் சற்றுப் பின்தங்கியே அன்று நடந்து வந்தாள் என்பது மட்டும் ஏனோ ஞாபகமிருக்கிறது.

வருஷப் பரீட்சையில் இங்கிலீஷில் நான்தான் முதல். அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அத்தை என் துணிகளை மடித்துக் கொடுத்துவிட்டு, “லீவு முடிஞ்சதும் வந்துடுவல்ல?” என்றாள். வருவேன் என்றேன். ஆனால் அடுத்த வருஷம் எங்கள் ஊரிலிருந்து இன்னும் இரண்டு பையன்கள் சேர்ந்ததால், மூன்று பேரையும் பள்ளிக்கூடத்து விடுதியிலேயே விட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். புதுப் பையன்களுக்கு மணியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா விடுதிக்கு வந்தார். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை. கையில் ஒரு தகர டப்பா. “அத்தை முறுக்கு சுட்டா. குடுத்துட்டு வரச் சொன்னா” என்றார். சுற்றிலும் பையன்கள் நின்றதால் நான் அதிகம் பேசவில்லை. அத்தை எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. போக எழுந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“டப்பாவ மறந்துடாம நீயே கொண்டாந்து குடுக்கணுமாம். அத்தை சொன்னா.”

“சரிங்க மாமா.”

முறுக்கு அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுநாளே அவனிடம் கொடுத்தனுப்பினேன். சொன்ன பொருளை மறக்காமல் சேர்த்துவிட்டேன் என்று எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.