ஒலிபெருக்கியில் வந்த பெயர்

போன இலையுதிர் காலத்தில் கணவரும் நானும் நாலு வயது மகளும் நாங்கள் குடியிருக்கும் மோர்னிங்சைடிலிருந்து ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். ஆட்டுக் கொட்டிலில் கணவர் படம் எடுத்துக்கொண்டு நின்றார். மகள் அவருடன் நிற்கிறாள் என்று நானும், என்னுடன் நிற்கிறாள் என்று அவரும் நினைத்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை.

பூசணிக்காய்ப் போட்டி, ராட்டினம் என்று ஓடி ஓடித் தேடினோம். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பெயரில் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் அறிவித்தார்: "மிஸ்டர் இஞ்சாருங்கோ, உங்கள் மகள் வாசலில் பத்திரமாக இருக்கிறாள்."

கணவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என் அம்மா அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி எப்போதும் "இஞ்சாருங்கோ", அதாவது "இங்கே பாருங்கோ" தான். தன் அப்பாவின் பெயரைக் கேட்டவர்களிடம் பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

வாசலுக்கு ஓடினால், மகள் சோளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தமிழ் அண்ணை.

"பேரைக் கேட்டவுடன எங்கட பிள்ளைதான் எண்டு விளங்கிச்சுது தங்கச்சி. அதுதான் நீங்கள் வருமட்டும் துணைக்கு நிண்டனான்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

இப்போது பிள்ளையின் காதில் விழவேண்டும் என்றே, கணவரை "ரமணன், தேத்தண்ணி ஆறுது" என்று சத்தமாகக் கூப்பிடுகிறேன். மகள் அந்தப் பெயரை ஒரே நாளில் பாடமாக்கிவிட்டாள். இவர்தான் இன்னும் திரும்பிப் பார்க்கிறார் இல்லை.