பலகைப் பக்கம்

"கண்ணாடி கையைச் சுகப்படுத்துமெண்டா எல்லாருக்கும் குடுக்கலாமே பிள்ளை? சுகப்படுத்தாதெண்டா அதை ஏன் மேசையிலை வைச்சிருக்கிறாய்?"

பார்கவியிடம் இப்படிக் கேட்டவர் யோசெப்பின் என்ற பெண்மணி. பிறகு பார்கவியே இதை எனக்குச் சொன்னாள்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், கார்டெரி எனப்படும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது யோசெப்பினின் வேலை. குளிர்காலத்தில் அதில் பாதி, ஜிப் இழுப்பதுதான். ஜாக்கெட்டின் அடி நுனியை இடக்கை பிடிக்க, வலக்கை சர்ரென்று மேலே இழுக்கும். பிள்ளைகள் பஞ்சுப் பொதிகளாகப் பனிக்குள் உருண்டு போவார்கள். பாரிசவாதம் வந்து வலக்கை அசையாமல் மடியில் கிடந்த பிறகு, அவர் கனவில் மட்டும் ஜிப் இழுத்தார்.

பார்கவி சென்னையிலிருந்து வந்து கோட்-டெ-நெய்ஜில் உள்ள பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்பவள். அவளுடைய மேசை நடுவே ஒரு கண்ணாடி நிற்கும். சோர்ந்த கை அதன் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் மற்றக் கை அசைவதாகத் தோன்றும். அதை நம்பி மூளை விழித்துக்கொள்ளுமா என்பதே ஆய்வு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்குக் கண்ணாடியைத் திருப்பி, அதன் மரப் பின்பலகை தெரியும்படி வைப்பார்கள். யாருக்கு எது என்பது குலுக்கலில் விழும். யோசெப்பினுக்குப் பலகை விழுந்தது.

அவர் போகும் தேவாலயத்துக்கே வரும் ஞானேந்திரனும் அந்த ஆய்வில் இருந்தார்; அவருக்கோ கண்ணாடி. அவர் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, என்ரை கை உள்ளுக்கை டான்ஸ் ஆடுது. உங்களுக்கு இன்னும் பலகையோ?"

"ஓம், ஆடும் ஆடும். மற்றக் கையையும் முறிச்சுக்கொண்டு வாரும்."

அந்தச் சூட்டோடு உள்ளே வந்துதான் யோசெப்பின் அப்படிக் கேட்டார். "ஸ்னோ கொட்டத் தொடங்க முன்னம் நான் வேலைக்குப் போகவேணும். இதைத் திருப்பி வை. இல்லாட்டி இனி வரமாட்டன்."

அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலைகள், தண்ணீருக்குள் அமிழ்வதுபோல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. பார்கவியின் கை கண்ணாடிச் சட்டம்வரை போனது. ஒரே திருப்பு. யாருக்குத் தெரியப்போகிறது?

"முடியாது ஆன்ட்டி," என்றாள் கடைசியில். "இது நல்லதான்னு எனக்கே தெரியாது. தெரியாததாலதான் பாக்கறோம். இப்ப திருப்பினா உங்க கணக்கு பொய்யாயிடும். அந்தப் பொய்ய நம்பி நாளைக்கு இன்னொருத்தருக்கு வைத்தியம் பண்ணுவாங்க. கடைசி நாள் முடிஞ்சதும் திருப்பித் தரேன். சத்தியமா."

யோசெப்பின் எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் அவருடைய நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. ஆள் குறைந்தால் ஆய்வு மெலியும். ஆனால் அந்தக் கை வீட்டில் மடியிலேயே கிடந்துவிடுமே என்பதுதான் பார்கவியை வாட்டியது. அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"பஸ் பிந்திப்போச்சு. பலகையை வை," என்றார் யோசெப்பின். "பொய்க் கணக்கு எனக்கும் வேண்டாம். ஆனா சத்தியத்தை மறந்தியோ, ஞானேந்திரனை உன்ரை வீட்டுக்கு அனுப்பிப்போடுவன். இன்னொண்டு, ஆன்ட்டி எண்டு கூப்பிடாதை. நான் என்ன கிழவியோ? அக்கா எண்டு சொல்லு."

அதன் பிறகு அவர் பலகையைப் பார்த்தபடியே பயிற்சி செய்தார். மர வரிகளில் சிலநேரம் ஆறு ஓடுகிறது என்பார். சிலநேரம் ஒரு கை நீந்துகிறது என்பார்.

கடைசி நாளன்று முதல் பனி விழுந்தது. அளவெடுத்து முடிந்ததும் பார்கவி கண்ணாடியைத் திருப்பினாள். யோசெப்பின் தன் பையிலிருந்து ஒரு குழந்தையின் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து மேசையில் விரித்தார். அதன் ஒரு சட்டைக்கை கண்ணாடிக்குப் பின்னால், அவருடைய வலக்கையின் மேல் விழுந்தது. அடி நுனியைப் பார்கவி பிடித்துக்கொள்ள, இடக்கை ஜிப்பை இழுத்தது. கண்ணாடிக்குள்ளே, பழையபடி, வலக்கை இழுத்தது. யோசெப்பின் கண்ணாடியையே பார்த்தார்.

பார்கவி மட்டும் வேறெங்கோ பார்த்தாள்.

"அக்கா, உங்க கையப் பாருங்க."

"பாக்கிறன் பிள்ளை. கண்ணாடியிலை..."

"கண்ணாடியில இல்லக்கா. பின்னாடி."

மறைவில் இரண்டு விரல்கள் சிவப்புச் சட்டைக்கையைக் கிள்ளிப் பிடித்திருந்தன. பலகையோடு கழிந்த நாட்கள் செய்ததா, இந்த ஒரு கணம் செய்ததா? பார்கவிக்குத் தெரியாது. தெரியாது என்று இப்போது தயங்காமல் சொல்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படியொரு ஆய்வில் பலகைப் பக்கம் உட்கார்ந்து, தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று மனம் சோர்ந்திருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.