பிரபஞ்சத்துக்கு இரண்டு கட்சி

கோளரங்கத்தில் விளக்கவுரை சொல்கிறவனுக்கு நட்சத்திரங்களால் தொந்தரவு இல்லை. காட்சி முடிந்து விளக்கைப் போட்டதும் உயரும் கைகளால்தான். மேடையில் பேசிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும்.

காப்பி

தொண்ணூறுகளின் கடைசி, டில்லி. பிரபஞ்சத்தின் பிறப்பு பற்றிய காட்சி முடிந்ததும் முதல் வரிசையில் ஒருவர் எழுந்தார். செல்வராஜ், மோதி பாக் அரசுக் குடியிருப்பு, சொந்த ஊர் ஈரோடு. நான் தமிழன் என்பதை என் இந்தியிலிருந்தே கண்டுபிடித்திருந்தார். "எல்லாம் தானா உண்டாச்சுன்னு சொன்னீங்களே, அதை இந்த அம்மணிக்கு இன்னொருக்கா சொல்லுங்க சார்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி கோமதியம்மாள், திருநெல்வேலிக்காரர், உட்கார்ந்தபடியே சொன்னார்: "நான் எந்திரிக்கலன்னா இவுகளுக்குக் காலைக் காப்பி தானா உண்டாகுமான்னு கேளுங்க தம்பி."

பெரிய இடம்

அதன் பிறகு மாதம் ஒருமுறை வந்தார்கள். காட்சி அதேதான், அவர்களுக்கு வேண்டியது தீர்ப்பு. ஆரம்பத்துக்குப் பிறகு நடந்தது மட்டுமே என் துறை என்று ஒவ்வொரு தடவையும் நழுவினேன். வாசலில் டீ குடித்துக்கொண்டே செல்வராஜ் மடக்குவார்: எல்லாவற்றையும் கடவுள் உண்டாக்கினார் என்றால் கடவுளை உண்டாக்கியது யார்? கோமதியம்மாள் அசரமாட்டார். "அது பெரிய இடத்து விஷயம். நமக்கெதுக்கு?"

மூடுபனி

ஒரு ஜனவரி ஞாயிறு, கோமதியம்மாள் தனியாக வந்தார். கணவர் ஆஸ்பத்திரியில், செவ்வாய்க்கிழமை இதய அறுவை. வாசலிலேயே என்னை நிறுத்தினார். "'நீ சொல்றதுதான் சரி, உண்டாக்கினவன் ஒருத்தன் இருக்கான்'னு நேத்து சொல்லிட்டாக தம்பி." முப்பது வருஷத்தில் முதல் தடவையாம். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை அது.

கடவுள் இல்லை என்பதற்குப் பலமாக ஒரு வாதம் வேண்டும், கொண்டுபோய்க் கணவரோடு சண்டை போட வேண்டும் என்றார். எதிரே சாலையை மறைத்திருந்த மூடுபனியைக் காட்டினேன். இதை யாரும் செய்யவில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தால் தானே உண்டாகிறது என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பஸ்ஸுல மறந்துரக் கூடாது. அவுக விட்டுக்கொடுத்தா எனக்குப் பயமா இருக்கு."

கட்சி

ஏப்ரலில் இருவரும் வந்தார்கள். செல்வராஜின் சட்டை தொளதொளத்தது. "மூடுபனியெல்லாம் ஒரு வாதமா சார்?" என்று பாய்ந்தார். "ஈரத்தை உண்டாக்கினது யாருன்னு கேட்டா என் கட்சி கவுந்துரும். ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டே இந்த அம்மணிக்கு ஒழுங்கா வாதாடச் சொல்லிக்குடுத்தனுங்க." அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று கோமதியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தெம்பாயிட்டாக தம்பி. இனி நான் என் கட்சிக்கே போயிரலாமா?"

பிரபஞ்சத்தின் ஆரம்பத்தைப் பற்றிப் பதினேழு வருஷம் பேசிய எனக்கு, அதற்கு முடிவான பதில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற கவலை அன்றைக்குத்தான் வந்தது.